வடகடலும் எங்கள் வாழ்வும்: யாழ்ப்பாணக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் கணக்குப் புத்தகம் சில வருடங்களாக என் கையில் இருக்கிறது. அதனாலோ என்னவோ, கடலைப் பற்றிய கேள்விகளும் என்னிடமே வந்து சேர்கின்றன. கூட்டத்தில் ஐயாமார் கேட்பார்கள், பாடசாலைக்குப் பேசப் போனால் பிள்ளைகள் கேட்பார்கள், விடுமுறைக்குக் கனடாவில் இருந்து வரும் மச்சான்மார் நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நிலைபேறான கடல் முகாமைத்துவம் என்கிறார்களே, அதை நம்முடைய பேச்சில் சொல்ல முடியுமா?

வெங்காயம் செய்கிற எந்தத் தோட்டக்காரரும் விதைவெங்காயத்தை எடுத்துச் சமைக்க மாட்டார். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அந்தக் கட்டு வீட்டு வளையில் தொங்கிக்கொண்டே இருக்கும். கடலிலும் அப்படி ஒரு கட்டு இருக்கிறது. சினை பிடித்த நண்டு, கடல்நீரேரியில் வளரும் இறால் குஞ்சு, குஞ்சுகள் ஒளியும் கடற்புல், கண்டல் வேர் எல்லாம் அதில் சேரும். அதைத் தொடாமல், மேலே வருகிற விளைச்சலை மட்டும் எடுத்து வாழ்வதைத்தான் அந்த நீண்ட பெயரால் சொல்கிறார்கள்.

வித்தியாசம் என்னவென்றால், தோட்டத்துக்கு வேலி உண்டு, உறுதி உண்டு. கடலில் நான் விட்ட நண்டை இன்னொருவர் பிடிப்பார். அதனால் தனி ஆளின் நல்ல மனம் போதாது. எல்லோருக்கும் ஒரே விதியும், அந்த விதியைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

எங்கள் கடலுக்கு அப்படி என்ன தனிச் சிறப்பு?

ஆழமில்லாததுதான் சிறப்பு. நெடுந்தீவுக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் கிடக்கும் பாக்குக்குடாவில் பெரும்பாலான இடங்கள் 15 மீற்றரைத் தாண்டாது. யாழ்ப்பாணக் கடல்நீரேரி அதைவிட மோசம். மண்டைதீவுப் பக்கம் வற்று நேரத்தில் இறங்கி நடந்தால் கரை கண்ணுக்குச் சிறிதாகப் போன பிறகும் தண்ணீர் முழங்காலில்தான் நிற்கும். வெளிச்சம் அடி வரை போகிறது. அடியில் புல் வளர்கிறது. கரையில் ஒதுங்கும்போது நாங்கள் சாதாளை என்று அள்ளி முன்பு தோட்டத்துக்குப் பசளையாகப் போட்டோமே, அதுதான்.

எங்கள் பொருளாதாரம் முழுக்க அந்தப் புல்லில் நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை. ஒட்டியும் ஓராவும் அதை மேய்கின்றன. நீல நண்டு அதற்குள் ஒளிந்து வளர்கிறது. இறால் குஞ்சுக்கு அது தொட்டில். கணவாய் அதில் முட்டை ஒட்டுகிறது. அலையின் வேகத்தைக் குறைத்து மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் அதன் வேர்தான். கரையில் நின்று பார்த்தால் இதெல்லாம் தெரியாது, நீலம் மட்டும்தான் தெரியும். அதனால்தான் கடலைப் பற்றிய பேச்சு எப்போதும் மேலே ஓடும் படகுகளைப் பற்றியே நடக்கிறது, அடியைப் பற்றி நடப்பதில்லை.

கடற்பசு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆவுளியா என்றும் சொல்வார்கள். வளர்ந்த ஒன்று நாளுக்கு 30 முதல் 40 கிலோ கடற்புல் தின்னும். மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி போடும். அப்படிப்பட்ட உயிரை வலையில் அகப்பட்டதென்று வெட்டிப் பங்கு போட்டால், அந்த இடம் நிரம்ப எங்கள் வாழ்நாள் போதாது. இலங்கையில் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. தமிழ்நாட்டு அரசு 2022 செப்டெம்பரில் பாக்குக்குடாவின் தன் பக்கத்தில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. நல்ல வேலை. ஆனால் கடற்பசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது. எங்கள் பக்கத்துப் புல்லும் பிழைத்தால்தான் அந்தக் காப்பகத்துக்குப் பொருள் உண்டு.

இந்திய இழுவைப் படகுகள் பிரச்சினை ஏன் இத்தனை வருடமாகத் தீரவில்லை?

இதுதான் எல்லாக் கூட்டத்திலும் முதல் கேள்வி. கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

எல்லைக்கோடு 1974, 1976 ஆண்டு ஒப்பந்தங்களில் போடப்பட்டது. கச்சதீவு இலங்கையின் பக்கம் வந்தது. அங்கே நடக்கும் அந்தோனியார் பெருநாளுக்கு இந்தியாவில் இருந்து ஆட்கள் கடவுச்சீட்டில்லாமல் வரலாம் என்ற ஏற்பாடு தொடர்ந்தது. ஆனால் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கும் உரிமை அதில் இல்லை. அதற்கு முன்பே, 1960களில், இறால் ஏற்றுமதிக்காகத் தமிழ்நாட்டுக் கரையில் இழுவைமடிப் படகுகள் அரசு ஆதரவோடு பெருகத் தொடங்கியிருந்தன. சில பத்தாண்டுகளில் அவர்கள் பக்கத்து அடி வழிக்கப்பட்டுவிட்டது. அதே காலத்தில் எங்கள் பக்கத்தில் போர். கடலுக்குப் போகத் தடை, நேரக் கட்டுப்பாடு, இயந்திரக் கட்டுப்பாடு, உயர் பாதுகாப்பு வலயம். நாட்டின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த மயிலிட்டியை விட்டு 1990இல் சனம் எழும்பியது. துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில். இடைப்பட்டது 27 வருடம். அதில் போர்க்காலம் முழுக்க எங்கள் கடல் பெரும்பாலும் ஆளில்லாக் கடலாகக் கிடந்தது. அவர்கள் வந்து பழகிக்கொண்டார்கள்.

நாங்கள் றோலர் என்று சொல்லும் அந்தப் படகு என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மடியின் வாயை விரித்து வைக்க இரண்டு பக்கமும் கனமான பலகைகள் இருக்கும். அடிக்கயிற்றில் சங்கிலியோ ஈயமோ கட்டியிருக்கும். அதை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவார்கள். 10 மீற்றர் ஆழமுள்ள இடத்தில் அது உழவு இயந்திரம் போலத்தான். புல்லைப் பிடுங்கும், சேற்றைக் கலக்கும், குஞ்சையும் சினையையும் சேர்த்து வாரும். போகிற வழியில் எங்கள் ஆட்கள் விட்டிருக்கும் வலையையும் இழுத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் திங்கள், புதன், சனி இரவுகளில் வருவார்கள். அந்த இரவுகளில் வலை விடாமல் வீட்டில் படுத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். வாரத்தில் மூன்று நாள் சொந்தக் கடல் இல்லாமல் போகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இந்தியக் கிழக்குக் கரையில் இழுவைப் படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் எங்கள் கரையில் நடக்கிற பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஆட்கள் நிம்மதியாக வலை விடுவார்கள்.

இலங்கை 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தைப் படகின் நீளத்தைப் பொறுத்து 17.5 கோடி ரூபாய் வரை உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2017இல் பாக்குக்குடா இழுவைப் படகுகள் 2,000ஐக் கைவிட்டு, உரிமையாளர்களை ஆழ்கடலில் சூரை பிடிக்க அனுப்பும் திட்டம் தொடங்கியது. அது மிக மெதுவாகவே நகர்ந்தது. 2016 நவம்பரில் இரு நாடுகளும் ஒரு கூட்டுச் செயற்குழுவை அமைத்தன. அதற்கு முன் 2014, 2015இல் இரு கரைத் தொழிலாளரும் நேரில் உட்கார்ந்தும் பேசினார்கள். என்னைக் கேட்டால், நம்பிக்கை தருவது அந்த நேர்ப்பேச்சுத்தான். ஏனென்றால் அந்தப் படகில் பிடிபட்டுச் சிறைக்கு வருகிறவர் பெரும்பாலும் கூலிக்கு வந்த ஏழைத் தமிழர். படகின் முதலாளி கரையில் இருக்கிறார். கோபம் யார்மேல் போகவேண்டும் என்பதில் எங்கள் தொழிலாளருக்குத் தெளிவு உண்டு. சண்டை ஆட்களோடு கிடையாது, அந்த மடியோடுதான்.

சரி, நம் ஆட்கள் மட்டும் சுத்தமா?

இல்லை. இதைச் சொன்னதற்காக என்னோடு கோபித்தவர்கள் உண்டு. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கடலடியை வழிக்கும் இழுவைமடி இலங்கையில் 2017 ஜூலையில் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அது. மீறினால் இரண்டு வருடச் சிறையும் 50,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம். ஆனால் குருநகரிலும் வல்வெட்டித்துறையிலும் மன்னார் பேசாலையிலும் உள்ளூர் இழுவைப் படகுகள் இருந்தன. கடன் பட்டு வாங்கியவர்கள் ஒரே நாளில் எதற்கு மாறுவது என்று கேட்டது நியாயமான கேள்விதான். மாற்று வழியைச் சட்டத்தோடு சேர்த்துக் கொடுக்கவில்லை. அதனால் சட்டம் புத்தகத்திலும் படகு கடலிலும் இருக்கும் நிலை வந்தது. எங்கள் பக்கம் ஓடும் ஒரு இழுவைப் படகுகூட, பேச்சுவார்த்தை மேசையின் அந்தப் பக்கம் இருப்பவருக்கு “உங்களிடமும் இருக்கிறதே” என்று சொல்ல வாய்ப்புக் கொடுக்கிறது.

ஒற்றை நைலோன் இழையால் பின்னிய தங்கூசி வலையும் தடை. ஆனால் பாவனையில் இருக்கிறது. அறுந்து போனால் அது மக்காது. அடியில் கிடந்து யாருக்கும் பயனில்லாமல் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். வெடி போடுவதும் இருக்கிறது. ஒளி பாய்ச்சிப் பிடிப்பதும், கண் சிறுத்த சுருக்குவலையும் அப்படியே. கடல்நீரேரியில் கம்பு நட்டுக் கட்டி வைக்கும் சிறகுவலையும் களங்கட்டியும் தலைமுறை தலைமுறையாக இருந்த நல்ல தொழில்கள். முன்பு யார் எந்தப் பாட்டில், அதாவது வலை கட்டும் எந்த இடத்தில், கட்டுவது, எத்தனை கட்டுவது என்பதெல்லாம் ஊர்க் கட்டுப்பாட்டில் இருந்தது. இப்போது எண்ணிக்கை கூடி, வலைக்கண் சிறுத்து, இறால் குஞ்சு கடலுக்குத் திரும்பும் வழியே அடைபடுகிறது.

போன வருடம் ஒரு கரைவலை இழுவையில் மடி கரைக்கு வந்தபோது பக்கத்தில் நின்றேன். சூடை மீனும் கீரி மீனும் பெட்டியில் போன பிறகு மணலில் கிடந்ததை ஒரு சிறுவன் குச்சியால் கிளறிக் காட்டினான். விரல் நகமளவு சீலாக் குஞ்சு, பொத்தானளவு நண்டு. நாயும் காகமும் தின்றது போக மிச்சம் வெயிலில் காய்ந்தது. இழுத்தவரே சொன்னார்: “பிள்ளை, இது ஆறு மாசத்தால என்ர பெட்டிக்குள்ள வரவேண்டிய மீன்.” அவருக்கு எல்லாம் தெரியும். அடுத்த பாட்டுக்காரரும் நிறுத்தினால்தான் அவரால் நிறுத்த முடியும்.

விதியைப் போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? எங்களால் ஏதும் செய்ய முடியுமா?

முடியும். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல்வளச் சட்டம் ஒரு பகுதியை மீன்பிடி முகாமைத்துவப் பகுதியாக அறிவிக்கவும், அங்கே தொழிலாளரின் குழு அமைக்கவும் இடம் தருகிறது. ஊர்ச் சங்கம், அதற்கு மேலே பிரதேசச் சமாசம், அதற்கு மேலே மாவட்டச் சம்மேளனம் என்ற கட்டமைப்பு எங்களிடம் ஏற்கனவே உண்டு. வலைக்கண் அளவு, மூடு காலம், எந்த வாய்க்காலை விட்டு வைப்பது என்பதை ஊர் தீர்மானித்து எழுத்தில் கொடுத்தால் கடற்றொழில் திணைக்களம் அதை விதியாக்கலாம். எங்கள் ஊர்களில் குறைவது எழுத்து. “முந்தி மீன் அள்ளு கொள்ளையாக வந்தது” என்று வாயால் சொல்கிறோம். எந்த மாதம், எந்த இடம், எத்தனை கிலோ, எத்தனை சினை நண்டு என்று ஒரு கொப்பியில் இரண்டு வருடம் எழுதி வைத்த சங்கத்தோடு வாதாடுவது எந்த அதிகாரிக்கும் கஷ்டம்.

கடலட்டைப் பண்ணை நல்லதா, கெட்டதா?

ஒரு சொல்லில் பதில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

வெள்ளை அட்டை என்ற இனம்தான் இங்கே வளர்க்கப்படுகிறது. குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் இருந்து வாங்கி, ஆழமில்லாத கடலில் வலையால் அடைத்த இடத்தில் விடுகிறார்கள். அது மணலைத் தின்று அதிலுள்ள கழிவை எடுத்துக்கொண்டு சுத்தமான மணலைக் கழிக்கும். தீவனம் தேவையில்லை, மருந்து தேவையில்லை. இறால் பண்ணையோடு ஒப்பிட்டால் மிகச் சாதுவான தொழில். அவித்துக் காயவைத்தால் சீனா, ஹொங்கொங், சிங்கப்பூர்ச் சந்தையில் நல்ல விலை. யாழ்ப்பாணத்தில் இருந்து அந்தத் திசைக்கு அட்டை போவது பழைய வியாபாரம்தான்.

அப்படியானால் ஏன் எதிர்ப்பு? அட்டையால் இல்லை, அடைப்பால். பண்ணை வைக்கத் தோதான ஆழமில்லாத, புல்லுள்ள இடம்தான் நண்டு வலைக்காரருக்கும், நடந்து போய் மட்டி பொறுக்கும் பெண்களுக்கும், இறாலுக்கும் உரிய இடம். பொதுவாக இருந்த ஒரு கடல் துண்டு கம்பும் வலையும் நட்டதும் ஒருவருடையதாகிறது. அந்த ஒருவர் அதே ஊர்த் தொழிலாளியாக இருந்தால் ஒரு மாதிரி, வெளியில் இருந்து பணத்தோடு வந்தவராக இருந்தால் இன்னொரு மாதிரி. அரியாலையிலும் கிளிநொச்சிக் கரையிலும் சீன முதலீடு வந்தபோது எழுந்த பதற்றத்தின் அடியில் இருந்தது இந்தக் கேள்விதான். பத்திரிகைகள் அதை வல்லரசுப் போட்டியாக எழுதின. கரையில் நின்றவருக்கோ அது பாதைப் பிரச்சினை: “என்ர வள்ளத்தை இனி எங்கால கொண்டு போறது?”

என் அபிப்பிராயம் இது. பண்ணை இருக்கட்டும், ஆனால் கடற்புல் அடர்ந்த இடத்தில் வேண்டாம். படகுப் பாதையிலும் இறால் வாய்க்காலிலும் வேண்டாம். அனுமதிக்கு முன் ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் வரைபடம் விரிக்கப்படவேண்டும். முதல் உரிமை அந்தக் கரைப் பெண்களுக்கும் சிறு தொழிலாளருக்கும் போகவேண்டும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்தியாவில் 2001இல் இருந்து கடலட்டை பிடிப்பது முழுத்தடை. இங்கே அனுமதியோடு பிடிக்கலாம், வளர்க்கலாம். ஒரே கடலில் இரண்டு சட்டம் இருந்தால் நடுவில் கடத்தல் ஓடும், ஓடுகிறது.

கடற்பாசி வளர்ப்பு?

பெண்களுக்குக் கைச்செலவுக்கு உதவும். ஆனால் அதிகம் வளர்க்கப்படும் கப்பாபைக்கஸ் இனம் எங்கள் கடலுக்குச் சொந்தமானதில்லை. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அது தப்பிப் போய்ப் பவளப்பாறையை மூடியது பதிவாகி இருக்கிறது. பாறை உள்ள இடத்துக்குக் கிட்ட வேண்டாம்.

தேசியப் பூங்கா, சரணாலயம் என்று அறிவித்தால் எங்கள் தொழில் போய்விடுமா?

பயம் வீணானதில்லை. சுண்டிக்குளம் 1938இல் பறவைச் சரணாலயமானது, 2015 ஜூனில் தேசியப் பூங்காவானது. நெடுந்தீவின் ஒரு பகுதியும் அதே நாளில் பூங்காவானது. அரசின் வர்த்தமானி அறிவித்தலில் கோடு விழுந்த பிறகுதான் பலருக்குத் தன் இறங்குதுறை கோட்டுக்கு உள்ளே கிடப்பது தெரிந்தது. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனத்துக்கு, இன்னொரு எல்லைக்கல் என்றால் அது பாதுகாப்பாகத் தெரியாது.

ஆனால் மறுபக்கமும் பாருங்கள். மன்னார் விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் நீர்வாழ் உயிரினப் பண்ணைகளுக்காக அதில் ஒரு துண்டை நீக்க வர்த்தமானி வந்தது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போகவேண்டி வந்தது. பாதுகாக்கப்பட்ட இடம் சிறு தொழிலாளிக்கு மூடியும், பெரிய முதலீட்டுக்குத் திறந்தும் இருந்தால் யார் அதை நம்புவார்கள்?

மூடி வைப்பதால் பலன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சினைக் காலத்தில் ஒரு வாய்க்காலை மூடினால் அதன் பலன் பக்கத்துப் பாட்டில் தெரியும். எந்த இடம், எந்த மாதம் என்பதைச் சோளகக் காற்றையும் வாடைக் காற்றையும் உடம்பால் அறிந்த ஆட்களோடு உட்கார்ந்து தீர்மானிக்கவேண்டும். அவ்வளவுதான்.

பழைய பஸ்களைக் கடலில் இறக்கினார்களே?

2021 ஜூனில் வடகடலில் நடந்தது. மீன் தங்க இடம் என்றும், இழுவைமடிக்குத் தடை என்றும் காரணம் சொன்னார்கள். இந்தியக் கரையில் எதிர்ப்பு எழுந்தது. செயற்கைப் பாறை நல்ல யோசனைதான். ஆனால் தகரம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும், பெயின்றும் எண்ணெயும் கடலுக்குள் போகும். அதற்கென்று வார்த்த கொங்கிறீற் கட்டிகள் நீண்ட காலம் நிற்கும், சேற்றில் புதையாத இடம் பார்த்துப் போட்டால்.

கடலுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் என்ன தொடர்பு?

நிறைய. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மழைக்குத்தான். அடியில் சுண்ணாம்புக்கல், அதன் துளைகளுக்குள் கடல்நீருக்கு மேல் மிதக்கும் நன்னீர். வலிகாமத்துத் தோட்டத்தில் அளவுக்கு மீறிப் போடும் யூரியா கிணற்றுக்குள் மட்டும் போவதில்லை. அதே துளை வழியே மெல்லக் கடல்நீரேரிக்கும் போகிறது. அங்கே பச்சைப் பாசி பூத்துப் புல்லின் வெளிச்சத்தை மறைக்கிறது. கிணற்றில் மோட்டர் போட்டு அளவில்லாமல் இறைத்தால் உப்பு மேலே வருகிறது. கடற்கரையைக் காப்பது தோட்டக்காரரின் வேலையும்தான்.

வடமராட்சி கிழக்கின் தாளையடியில் 2024 ஓகஸ்டில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் அதன் கொள்ளளவு. குடிக்கத் தண்ணீர் இல்லாத சனத்துக்கு அது பெரிய விஷயம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் உப்புக் கூடிய நீர் கடலுக்குத் திரும்புகிறது. வடமராட்சி கிழக்குத் தொழிலாளர் அதைப் பற்றித் தொடக்கத்தில் இருந்தே கேட்டு வந்தார்கள். குழாய் வாயைச் சுற்றி உப்பின் அளவையும் மீனின் வரத்தையும் மாதாமாதம் அளந்து அவர்கள் முன்னால் வைப்பதுதான் அந்தக் கேள்விக்கு மரியாதையான பதில்.

பாலங்களையும் சொல்லவேண்டும். ஆனையிறவு வீதியும் ரயில் பாதையும் கிழக்கு நீரேரியை மேற்கில் இருந்து பிரித்துவிட்டன. பண்ணை, பொன்னாலை அணைப்பாதைகளும் நீரோட்டத்தை நெருக்குகின்றன. வீதி வேண்டும்தான், ஆனால் மதகைப் பெரிதாகக் கட்டலாம். அடைபட்ட மதகைத் துப்புரவு செய்வதற்கு வெளிநாட்டு நிதி கூடத் தேவையில்லை.

கடற்றொழில் என்றால் ஆண்கள்தானே?

இதைக் கேட்பவரை விடிகாலை பாசையூருக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். வள்ளம் கரை தட்டியதும் வலையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். நண்டின் பின்னங்காலைப் பிடித்து, கவ்வு பக்கத்தைத் திருப்பி, தங்கூசியை விரலால் நெகிழ்த்தி, கால் முறியாமல் கழற்ற வேண்டும். கால் முறிந்தால் விலை பாதி. உப்புத் தண்ணீரில் ஊறிய விரல் முழுக்க வெட்டுக்காயம். ஏலத்தில் கூறி விற்கும் இடத்தில் அவர்கள் குரல் இல்லை. நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை. கூட்டங்களில் பின் வரிசை. கருவாடு போடுவது, மட்டி எடுப்பது, நண்டுத் தொழிற்சாலையில் சதை எடுப்பது எல்லாம் அவர்கள்தான். சினை நண்டு எந்த மாதம் கூடுகிறது என்று திணைக்களத்துக்கு முன்பே தெரிந்தவர்களும் அவர்கள்தான். கொப்பியை அவர்களிடம் கொடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

வறுமையில் இருப்பவரிடம் போய்க் குஞ்சைப் பிடிக்காதே என்பது நியாயமா?

வெறுமனே சொன்னால் நியாயமில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. சிறு படகின் வெளியிணைப்பு இயந்திரம் அதில்தான் ஓடுகிறது. அந்த மாதம் கடலுக்குப் போனவர் எண்ணெய்க் காசையாவது எடுக்கவேண்டும் என்று எதையும் விடமாட்டார். வலைக்கு முற்பணம் கொடுத்தவருக்கே நண்டைக் கொடுக்கவேண்டிய கட்டாயமும் உண்டு, அவர் சொல்வதே விலை. கடனுக்கு வழி, ஐஸ், எடை போட நம்பத்தக்க தராசு, மூடு காலத்துக்குக் கொடுப்பனவு என்று இவை கிடைத்தால் பெரிய கண் வலைக்கு மாற ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். குறைந்த மீனை நல்ல விலைக்கு விற்பதுதான் கடலுக்கும் வீட்டுக்கும் ஒத்துவரும் கணக்கு.

ஆழ்கடலுக்குப் போகலாமே?

18 அடி பைபர் படகில் போக முடியாது. பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்யும் பெரிய கலத்துக்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும், பயிற்சி வேண்டும். பத்துப் பதினைந்து இளைஞர் சேர்ந்து சங்கத்தின் பெயரில் ஒன்று எடுத்தால் நான் மகிழ்வேன். கரையோரத்தின் பாரமும் கொஞ்சம் குறையும்.

சமையலறையில் நாங்கள் என்ன செய்யலாம்?

சினை நண்டு வாங்காதீர்கள். ருசி என்று தெரியும், எங்கள் வீட்டிலும் முன்பு தேடி வாங்குவோம். ஒரு நண்டின் வயிற்றில் பல லட்சம் முட்டைகள். சினை மஞ்சளாக இருந்து சாம்பலாகக் கறுத்தால் பொரிக்கும் நேரம் கிட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அதைக் கடலில் விட்டால் அன்றோ மறுநாளோ குஞ்சு வெளியேறும். சில ஊர்களில் கழற்றும்போதே கறுத்த சினையைத் திருப்பி விடுகிறார்கள். உயிரோடு இருந்தால் மட்டும் பலன். சினையுள்ள சிங்கி இறாலைப் பிடிப்பதே குற்றம். 70 மில்லிமீற்றர் அகலம் இல்லாத சங்கும் அப்படித்தான். ஆமை இறைச்சி எந்தச் சாக்கிலும் வேண்டாம். ஒடியல் கூழுக்குப் பல வகை மீன் வேண்டும் என்பது உண்மை, ஆனால் விரல் நீளக் குஞ்சு போட்டுத்தான் கூழ் ருசிக்கவேண்டும் என்றில்லை. சூடை, கீரி, ஒட்டி வாங்குங்கள். சீக்கிரம் பெருகும் மீன்கள், விலையும் கைக்கு அடக்கம்.

வெளிநாட்டில் இருக்கிறேன், படகு வாங்கிக் கொடுக்கலாமா?

மனதுக்கு நன்றி. ஆனால் படகு வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையின் பல இடங்களில் இழந்ததைவிடக் கூடுதலாகப் படகுகள் கொடுக்கப்பட்டன. மீன் கூடவில்லை, பிடிக்கிற கை கூடியது. அந்தப் பணத்தில் சங்கத்துக்கு ஒரு ஐஸ் அறை, சின்ன வலையைக் கொடுத்துப் பெரிய கண் வலையைப் பெறும் மாற்றுத் திட்டம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு உதவித்தொகை கொடுக்கலாம். பணம் அனுப்பும்போது கணக்கும் கேளுங்கள். கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், கேட்பது எங்களுக்கும் நல்லது.

கரையில் ஒதுங்கும் சாதாளையை அள்ளிக் கொட்டலாமா?

முழுக்க அள்ளவேண்டாம். அது அலையில் மண் அரிபடாமல் தடுக்கும், மக்கிக் கரைக்கு உரமாகும். தோட்டத்துக்குக் கொஞ்சம் எடுப்பதில் தவறில்லை, மழையில் உப்புக் கழுவப்பட்ட பிறகு போடுங்கள்.

ஆனால் அள்ளுவதற்கு முன் குனிந்து ஒரு பிடியை எடுத்துப் பாருங்கள். பழுத்து உதிர்ந்த இலை மட்டும் இருந்தால் அது இயல்பு, மரத்தில் இருந்து சருகு விழுவது போல. வெள்ளை வேரும் கிழங்குத் தண்டும் பச்சை இலையும் சேர்ந்து கொத்தாக வந்திருந்தால் அது பிடுங்கப்பட்டது. வாடைக்காலத்தில் புயலும் பிடுங்கும். காற்றே இல்லாத ஒரு வாரத்தில், செவ்வாய் அல்லது வியாழன் காலையில் அப்படிக் குவிந்திருந்தால், எந்தக் கரை, என்ன திகதி, எத்தனை அடி நீளத்துக்கு என்று குறித்து, கைபேசியில் ஒரு படம் எடுத்து உங்கள் சங்கத்துக்குக் கொடுங்கள். எங்கள் கொப்பியில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.